கார்டு வந்தா என்ன சொல்றது?

அரிசோனாவில் கோக்கனினோ தேசியக் காட்டுக்குள் மண்சாலை பிரிகிற இடங்களில் இடுப்பளவு உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு பட்டைக் கம்பம் நட்டிருப்பார்கள். ஊர்ப்பெயர் இருக்காது, அம்புக்குறி இருக்காது, எண் மட்டும்தான். எண் படுக்கைவாட்டில் இருந்தால் சாதாரணக் கார் போய்விடும். மேலிருந்து கீழாக அடுக்கி எழுதியிருந்தால் அடிப்பாகம் உயர்ந்த வண்டி வேண்டும். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர்தான் இதைச் சொல்லித் தந்தார். எல்க் மான் வேட்டைக்கு வருடா வருடம் குலுக்கலில் பெயர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் மனிதர். காட்டு இலாகா இலவசமாகத் தரும் வரைபடம் ஒன்றையும் கொடுத்தார். கறுப்பு வெள்ளையில் வெறும் கோடுகள். எந்தெந்தச் சாலையில் மோட்டார் வண்டி போகலாம் என்று காட்டுவதற்காக மட்டும் அச்சடித்தது. சில கோடுகளின் ஓரத்தில் புள்ளி புள்ளியாக இருந்தது. "புள்ளி இருக்கிற சாலையில் வண்டியை ஓரமாக இறக்கு. எங்கே பிடிக்கிறதோ அங்கே படுத்துக்கொள்" என்றார். எவ்வளவு கட்ட வேண்டும், யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.

சாண்ட்லரில் குடியிருந்த எங்களுக்குக் கோடை என்றால் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது. 2023இல் பக்கத்திலிருக்கும் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரியைத் தொட்டது, நம் கணக்கில் 43 செல்சியஸுக்கு மேல். அங்கிருந்து வடக்கே இரண்டரை மணி நேரம் மலையேறினால் ஃபிளாக்ஸ்டாஃப். கைதூக்கி நிற்கும் சகுவாரோ கள்ளிகள் ஒரு மேட்டுக்கு அப்புறம் சட்டென்று காணாமல் போகும். பிறகு புல்வெளி, குட்டை ஜூனிப்பர், கடைசியில் போண்டரோசா பைன். 7,000 அடி, கொடைக்கானல் உயரம்தான். வயதான போண்டரோசாவின் பட்டை ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருக்கும். வெயில் ஏறிய பிறகு பட்டையின் பிளவில் மூக்கை வைத்தால் வெனிலா வாசனை அடிக்கும். கொடைக்கானலில் நட்டு வளர்த்த பைன் தோப்பில் இந்த வாசனை எனக்குக் கிடைத்ததில்லை.

காசு வாங்காத இடத்தில் எதுவும் தரவும் மாட்டார்கள். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, மேசை கிடையாது, குப்பைத்தொட்டி கிடையாது. தண்ணீரை நாமே கேனில் கொண்டுபோக வேண்டும், குப்பையை நாமே திருப்பி எடுத்து வர வேண்டும். ஓடையிலிருந்து 200 அடியாவது தள்ளிப்போய், அரையடிக்குக் குறையாமல் குழி தோண்டி, காலைக்கடன் முடித்து மூட வேண்டும். ஒரே காட்டில் 30 நாளுக்குள் 14 நாளுக்கு மேல் தங்கக்கூடாது. அரிசோனாவுக்கென்று இன்னொரு சட்டம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. விலங்குகளோ மேய்ச்சல் மாடுகளோ தண்ணீர் குடிக்க வருகிற குட்டையிலிருந்து கால் மைலுக்குள் கூடாரம் போடக்கூடாது. நீ இருந்தால் அது வராது, அதற்கு வேறு தண்ணீர் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

அம்மா ஆறு மாத விசாவில் வந்திருந்த வருடம் செப்டம்பரில் அவளையும் கூட்டிப்போனேன். கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவார ஊர் எங்களுடையது. காடு அவளுக்குப் புதிதில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "ஏப்பா, ஆனை வருமா?"

"இங்க ஆனை கிடையாதும்மா."

"கரடி?"

"எப்பவாச்சும். சாப்பாட்டை வண்டிக்குள்ள பூட்டி வச்சிட்டா வராது."

"கார்டு?"

குழியைப் பற்றியும் 200 அடியைப் பற்றியும் விளக்கியபோது தலையில் அடித்துக்கொண்டாள். வீட்டில் கக்கூஸ் கட்டுகிற வரைக்கும் அவள் பாட்டிக்கும் அம்மாவுக்கும் தெரிந்த வித்தையைப் பழக விமானத்தில் ஏற்றி அழைத்து வந்திருக்கிறானே என்று. சோறு வேகவில்லை என்பது அடுத்த புகார். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும். குக்கர் இல்லாமல் ஒரு தமிழனும் மலைக்காட்டில் கூடாரம் போடக்கூடாது என்று இன்னொரு நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

ஃபாரஸ்ட் கார்டைப் பற்றி அவள் கேட்டது விளையாட்டுக்கல்ல. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து விடியுமுன் சும்மாட்டுத் துணியோடு மலையேறுவார்கள். காய்ந்த சுள்ளிதான், பச்சை மரத்தைத் தொடுவதில்லை. இறங்கும் வழியில் கார்டோ வாச்சரோ நின்றால் சுமையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பிடிபட்டால் முதலில் போவது அரிவாள். அரிவாள் போனால் வீட்டில் அடி. அதனால் கார்டைக் கண்டதும் அரிவாளைப் புதருக்குள் எறிந்துவிட்டு, கையை வீசிக்கொண்டு நடந்து வந்து, மறுநாள் போய்த் தேடி எடுப்பார்களாம். சில அரிவாள்கள் இன்னும் அங்கேதான் கிடக்கும் என்பாள்.

அமெரிக்கத் தேசியக் காடுகளின் பரப்பு 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு. இது காட்டு இலாகா வசம் இருப்பது மட்டும்தான். நில மேலாண்மைத் துறையிடம் இதைவிடப் பெரிய பரப்பு தனியாக இருக்கிறது. அங்கே பெரும்பாலும் பாலைவனமும் புதர்க்காடும், ஆனால் அங்கும் இதேபோல் காசில்லாமல் படுக்கலாம். கோக்கனினோ ஒன்றே 18 லட்சம் ஏக்கர். இவ்வளவுக்கும் சொந்தக்காரர் யார் என்று அம்மா கேட்டாள். எல்லாருக்கும் பொது என்றேன். "எல்லாருக்கும்னா உனக்குமா?" விசாவில் இருப்பவனுக்கும் என்றதும் அவள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை.

அன்று மாலை வெளிச்சம் போகுமுன் நான் கூடாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அம்மா பாதிக் காட்டைப் பொறுக்கிக் குவித்திருக்கிறாள். நீளவாக்கில் ஒன்று, குட்டையாக ஒன்று, பற்றவைக்கச் சின்னக் குச்சிகள் தனியாக என்று மூன்று கட்டு. நாரில்லாததால் என் துண்டைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அந்த நேரத்தில் கதவில் காட்டு இலாகா முத்திரை போட்ட பிக்கப் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இடுப்பில் வாக்கி டாக்கியோடு ஒரு பெண் இறங்கினார். அம்மா கட்டுகளின்மேல் போர்வையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வந்தவர் வணக்கம் சொன்னார். எத்தனை இரவு தங்கப்போகிறீர்கள் என்றார். தீ மூட்டுவதாக இருந்தால் ஏற்கனவே இருக்கிற கல்வட்டத்திலேயே மூட்டுங்கள், தண்ணீரும் மண்வெட்டியும் வைத்திருக்கிறீர்களா என்றார். இரண்டையும் காட்டினேன். விறகு வேண்டுமானால் தரையில் விழுந்து காய்ந்தது நிறையக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னப்பா சொல்லுச்சு அந்தப் பிள்ளை?"

"சுள்ளி பொறுக்கிக்கலாமாம்."

"அதான் பொறுக்கியாச்சே. என்ன கேட்டுச்சு?"

"தண்ணி இருக்கான்னு கேட்டாங்க."

"தாகமா இருந்துருக்கும்டா, குடுத்தனுப்ப வேண்டாமா?"

வெகுநாள் கழித்து இரண்டு ஊர்க் காட்டு இலாகாக்களைப் பற்றிப் படிக்கும்போதுதான் டீட்ரிக் பிராண்டிஸ் குறுக்கே வந்தார். ஜெர்மானியர். பர்மாவின் பெகு தேக்குக்காடுகளைப் பார்த்துக்கொள்ள 1856இல் பிரிட்டிஷார் வேலைக்கு வைத்தவர், 1864இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை அதிகாரி ஆனார். நம் ஊர் ரிசர்வ் காடு, ரேஞ்சு, கார்டு என்ற ஏற்பாட்டுக்கெல்லாம் மூலவர். ஓய்வுபெற்றுத் தன் ஊரான பானுக்குத் திரும்பிய பிறகு, காட்டியல் படிக்க ஐரோப்பாவுக்கு வந்த ஓர் அமெரிக்க இளைஞனுக்கு வழிகாட்டினார். அந்த இளைஞன் கிஃபர்ட் பின்ஷோ. 1905இல் அமெரிக்கக் காட்டு இலாகா இன்றைய வடிவத்துக்கு வந்தபோது அதன் முதல் தலைவர். அம்மாவின் அரிவாளைப் பிடுங்கிய கார்டும், விறகு பொறுக்கிக்கொள்ளச் சொன்ன பெண்ணும் ஒரே வாத்தியாரின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள்.

இதற்காக பிராண்டிஸைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. 1878 இந்தியக் காட்டுச் சட்டம் உருவானபோது எல்லாமே சர்க்காருக்கு என்று வாதாடியவர் பேடன் பவல் என்ற அதிகாரி. கிராமங்களுக்கும் கொஞ்சம் காடு விட வேண்டும் என்று இடையில் நின்றவர் பிராண்டிஸ். அந்தச் சட்டத்தை ஏற்க மறுத்த மதராஸ் அரசாங்கம் 1882இல் தனியாக ஒன்று போட்டது. தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருப்பது அதுதான். மறுத்துவிட்டுப் போட்ட சட்டத்திலும் அம்மாவுக்கு இடமில்லை.

அப்படியென்றால் அமெரிக்கக் காடு ஏன் திறந்து கிடக்கிறது? பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபிளாக்ஸ்டாஃப் போகும் வழியில் கேம்ப் வெர்டே என்று ஓர் ஊர், பெட்ரோல் போட நிறுத்துவோம். 1875 பிப்ரவரியில், கடுங்குளிரில், யாவபாய், அப்பாச்சி மக்கள் சுமார் 1,500 பேரை ராணுவம் அங்கிருந்து கிளப்பி 180 மைல் நடத்தியே சான் கார்லோஸுக்குக் கொண்டுபோனது. வழியிலேயே பலர் செத்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களை அப்புறப்படுத்தி முடித்த பிறகுதான் அது பொது நிலம் ஆனது. நம்மூரில் ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே சுற்றிக் கோடு போட்டார்கள், அதனால் அன்றாடம் துரத்த வேண்டியிருந்தது. இங்கே ஒரே தடவையில் முடித்துவிட்டதால் இப்போது சிரித்துக்கொண்டு வரவேற்க முடிகிறது. எங்கள் கூடாரத்திலிருந்து தெரியும் சான் ஃபிரான்சிஸ்கோ சிகரங்கள் நவஹோ, ஹோப்பி உட்படப் பதின்மூன்று பழங்குடிகளுக்குப் புனித மலை. அதன் சரிவில் பனிச்சறுக்கு விடுதிக்காகச் சுத்திகரித்த சாக்கடைநீரில் செயற்கைப் பனி செய்யலாம் என்று காட்டு இலாகா அனுமதி தந்தது. எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் 2008இல் மேல்முறையீட்டில் தோற்றார்கள். எல்லாருக்கும் பொது என்பதில் கோயில்காரனும் சறுக்கு விளையாடுபவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இரவு எல்க் கூவியது. செப்டம்பரில் இணைதேடும் காலம். ஆளைவிட உயரமான அந்த மிருகத்தின் தொண்டையிலிருந்து வருவது உறுமல் அல்ல, மெல்லிய நீண்ட விசில். அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "விசில் அடிக்கிறாய்ங்கப்பா. நான் அப்பவே சொன்னேன்." மான் என்று சொன்னதும் படுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "மானுக்கு எதுக்கு விசிலு" என்றாள். நட்சத்திரம் பார்க்கக் கூப்பிட்டேன், வரவில்லை. உலகத்திலேயே முதன்முதலாக இருண்ட வானத்துக்கான அங்கீகாரம் 2001இல் வாங்கிய ஊர் ஃபிளாக்ஸ்டாஃப். அவள் ஊரில் கரண்டு வருமுன் பார்த்ததற்கு மேல் இங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருக்கலாம்.

காலையில் மாடுகள் வந்திருந்தன. கறுப்பு நிறத்தில் காதில் பட்டையோடு ஏழெட்டு, கன்றுகளுடன். அம்மாவுக்கு அந்தப் பயணத்திலேயே பெரிய சந்தோஷம் அதுதான். தேசியக் காட்டில் மேய்ச்சலுக்கு உரிமம் உண்டு. பசுவும் கன்றுமாகச் சேர்த்து மாதத்துக்கு 1.35 டாலர் என்று பல வருடம் வாங்கினார்கள். ஒரு காப்பி விலைகூட இல்லை. எங்கள் பக்கம் மலைமாடு வைத்திருப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டி போட்டு மேய்த்த மலையில் இப்போது ஏற முடியவில்லை. 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் முதலில் எல்லாக் காட்டிலும் மேய்ச்சல் கூடாது என்றது, பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்களோடு நிறுத்திக்கொண்டது. மேகமலை 2021லேயே புலிகள் காப்பகம் ஆகிவிட்டதால் எங்கள் ஊருக்கு அந்தத் திருத்தத்தால் ஒன்றும் மாறவில்லை. புலி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அமெரிக்கர்கள் ஓநாயைக் கொன்று தீர்த்துவிட்டு மாடு மேய்த்தவர்கள், அவர்களோடு இதை ஒப்பிடுவதும் சரியில்லை. ஆனாலும் அந்த 1.35 டாலர் மனதில் உறுத்தத்தான் செய்கிறது.

எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி, பைன் மறைவில் பழைய வேன் ஒன்று நின்றது. சாயங்காலம் அதற்குள்ளிருந்து ஓர் இளைஞன் ஓட்டல் சீருடையில் இறங்கி வந்து, தீப்பெட்டி கேட்டான். ஃபிளாக்ஸ்டாஃபில் சமையலறை வேலை. வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை, பனி விழும் வரைக்கும் காட்டில்தான் என்றான். 14 நாள் ஆனதும் இடம் மாறுவான், பிறகு அடுத்த காட்டுக்கு, பிறகு திரும்பி இங்கே. காட்டுச் சட்டத்தில் குடியிருக்கும் நோக்கத்தோடு தங்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அதாவது வீடு இருக்கிறவன் வந்து படுத்தால் அது முகாம். வீடு இல்லாதவன் அதே மரத்தடியில் அதே மாதிரிக் கூடாரத்தில் படுத்தால் அது மீறல். 2024 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் பொது இடத்தில் படுப்பவர்களை நகரங்கள் தண்டிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னபோது அவன் நினைவுக்கு வந்தான். நகரமும் துரத்தும், காடும் நாள் எண்ணும். அம்மா அவனுக்குப் புளியோதரை கொடுத்தாள். அவனைப் பார்த்தால்தான் காட்டில் கார்டுக்குப் பயப்படத் தெரிந்தவனாக இருக்கிறான் என்றாள்.

தண்ணீரும் மண்வெட்டியும் இருக்கிறதா என்று காட்டு இலாகாப் பெண் கேட்டதற்குக் காரணம் எதிர்ச்சரிவிலேயே இருந்தது. ஷுல்ட்ஸ் கணவாய்ப் பக்கம் கரிந்த மரங்கள் அடர்ந்து நிற்கும். 2010 ஜூனில் யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் தீ 15,000 ஏக்கரை எரித்தது. எரிந்ததோடு முடியவில்லை. அடுத்த மாதம் மழை வந்தது. அங்கே அதையும் மான்சூன் என்றுதான் சொல்வார்கள், பிற்பகலில் இடியோடு கொட்டும். புல்லும் வேரும் போன சரிவிலிருந்து வெள்ளம் கீழே குடியிருப்புகளுக்குள் புகுந்து 12 வயதுப் பெண் ஒருத்தியை அடித்துப்போனது. தீ மூட்டியவனுக்கு இது எட்டியிருக்குமா என்று அந்தச் சரிவைக் கடக்கும்போதெல்லாம் தோன்றும். அதனால்தான் நீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, கடைசியில் வெறுங்கையை வைத்துப் பார் என்கிறார்கள். கை சுட்டால் கிளம்பாதே. அம்மாவுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்புச் சாம்பலில் கையை விட்டுக் கங்கு தேடுவது அவளுக்குப் பழக்கம்.

போண்டரோசா காடே நெருப்போடு வளர்ந்ததுதான். சில வருடங்களுக்கு ஒரு தடவை புல்லில் தாழ்வாக ஓடும் தீ குட்டிச் செடிகளைத் தின்றுவிட்டுப் பெரிய மரங்களின் தடித்த பட்டையைத் தொட்டுவிட்டுப் போகும். மாடுகள் புல்லை மேய்ந்தன, காட்டு இலாகா எல்லாத் தீயையும் அணைத்தது. பார்த்த தீயை மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்க வேண்டும் என்று 1935இல் கட்டளையே போட்டார்கள். இடையிடையே குட்டிமரங்கள் நெருக்கிக்கொண்டன. இப்போது தீ பிடித்தால் ஏணியில் ஏறுகிற மாதிரி அவற்றின் வழியே உச்சிக்குப் போய்விடுகிறது.

2021 ஜூனில் மழை தள்ளிப்போனதும் கோக்கனினோவை முழுவதுமாக மூடிவிட்டார்கள். 18 லட்சம் ஏக்கரிலும் யாரும் கால் வைக்கக்கூடாது. ஜூலை முதல் வாரம் மழை இறங்கியதும் திறந்தார்கள். அந்த நாட்களில் வேன் பையன் எங்கே போயிருப்பான் என்று தெரியவில்லை. மூடியதும் திறந்ததும் எனக்கு நியாயமாகப்பட்டது, ஏனென்றால் அதற்கு மூன்று வருடம் முன்பு எங்கள் மாவட்டத்தில் குரங்கணி நடந்திருந்தது. 2018 மார்ச் 11. மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்சரிவில் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பின் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024இல் அரசே நாற்பது பாதைகளைத் தேர்ந்து, கட்டணம் வைத்து, வழிகாட்டியோடு அனுப்பத் தொடங்கியிருக்கிறது. வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். காசு கட்டிப் போனாலும் இரவு காட்டுக்குள் உன் இஷ்டத்துக்குப் படுக்க முடியாது என்பது வேறு விஷயம். யானை நடக்கிற காட்டில் அப்படிப் படுக்கவும் கூடாது.

2025 ஜூனில் மேற்கு மாநிலங்களின் பொது நிலத்தில் ஒரு பகுதியை விற்கலாம் என்று செனட்டில் ஒரு முன்மொழிவு வந்தது. என் பழைய பக்கத்து மேசைக்காரர் கொதித்துப்போய் செய்தி அனுப்பினார். அவர் வாக்களிக்கும் கட்சியிலிருந்து வந்த யோசனைதான். வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் மரத்தைக் கட்டிப்பிடிக்கும் சூழலியல்காரர்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். மாதம் முடிவதற்குள் அந்த முன்மொழிவைக் கைவிட்டார்கள். எதிர்த்த இவர்கள் ஒருவரோடொருவர் வேறெதற்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய அம்மா இந்தக் கதையைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். கார்டே வந்து விறகு எடுத்துக்கச் சொல்லுச்சு என்பதைப் பாதிப் பேர் நம்பவில்லை. எதிர்வீட்டில் வாச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். தற்காலிக வேலையாகவே பல வருடம் மலையில் நடந்தவர், ஒரு காலத்தில் அம்மாவின் அரிவாளைத் தேடியவர்களில் அவரும் ஒருவர். இப்போது இருவரும் அண்ணன் தங்கச்சி மாதிரி. அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கிளப்ப, அம்மா போன் போட்டாள்.

"ஏப்பா, அந்தப் பிள்ளை தனியாவா வந்துச்சுன்னு அண்ணன் கேக்குறாரு."

"ஆமா, தனியாத்தான்."

"வண்டி யாரு வண்டி?"

"கவர்மென்ட்டு வண்டிம்மா."

"டீசலு?"

"அதுவும் கவர்மென்ட்டுதான்."

அந்தப் பக்கம் அம்மா திரும்பிச் சொல்வதும், அவர் ஏதோ முனகுவதும் கேட்டது. என்ன சொல்கிறார் என்றேன்.

"அப்ப சிரிச்சுக்கிட்டுத்தேன் போகும்ங்கிறாரு. பதினஞ்சு கிலோமீட்டர் நடந்து வந்திருந்தா அதுவும் அரிவாளைத்தேன் புடுங்கியிருக்குமாம்."